அன்னபாக்கியத்தம்மாளின் எண்பத்தேழு கிலோ

இதை எனக்கு முதலில் சொன்னவர் கிருபாமணி அக்கா. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஊருக்கே சமைத்துப் போடுகிற எங்கள் கோயில் அசனப் பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம், நாங்கள் பன்னிரண்டு பெண்கள் பந்தலுக்குள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். வெங்காயம் உரிக்கிறபோது கேட்டதால் எந்த இடத்தில் அழுதேன், எந்த இடத்தில் சிரித்தேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் கிருபாமணி அக்கா பொய் சொல்கிறவர் இல்லை, அதிலும் கோயில் பந்தலுக்குள் இருந்துகொண்டு சொல்லவே மாட்டார், அவர் வாழ்க்கைப்பட்டது சுகந்தபுரத்தில், அன்னபாக்கியத்தம்மாள் வீட்டுக்கு மூன்றாவது வீடு.

சுகந்தபுரம் தேரி என்கிற செம்மணல் மேட்டுக்கு ஓரமாக இருக்கிற ஊர். வீடெல்லாம் பெரிய வீடு, கதவெல்லாம் பெரிய கதவு, கதவுக்கு உள்ளே ஒரு வயதான ஆள், அந்த ஆளைப் பார்த்துக்கொள்ள ஒரு சம்பள ஆள், சுவர் நிறைய கோயம்புத்தூரிலும் மும்பையிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகளுடைய கல்யாணப் படம். அப்படி ஒரு வீட்டில்தான் அன்னபாக்கியத்தம்மாள் இருந்தார். முப்பத்தொரு வருஷம் போஸ்ட் ஆபீசில் முத்திரை குத்தியவர், ஓய்வு பெற்ற நாலாம் மாசம் வாதம் விழுந்து இடது கையும் இடது காலும் வராமல் போயின, வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வந்தது. எடை எண்பத்தேழு கிலோ.

அவரைப் பார்த்துக்கொள்ள வந்தவள் சொர்ணக்கனி. எட்டாம் வகுப்பு வரை படித்தவள், புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனான், குழந்தை இல்லை. அவள் எடை நாற்பத்தொன்று. முதல் நாள் காலை ஆறு மணிக்கு அவள் கட்டில் பக்கத்தில் நின்று, இந்த உடம்பை எப்படி நாற்காலிக்கு மாற்றப் போகிறோம் என்று மலைத்து, ஆண்டவரே என்று ஒரு வார்த்தை சொல்லி, அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினாள். அன்னபாக்கியத்தம்மாள் வந்துவிட்டார். முறத்தைத் தூக்கினால் எப்படி வருமோ அப்படி வந்துவிட்டார்.

அதே காலை ஆறு மணிக்குக் கோயம்புத்தூரில் மூத்த மகன் ஞானராஜ் தன் பாத்திரக்கடை ஷட்டரைத் தூக்கப் போனவன் முட்டி மடங்கி அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டான். துபாயில் இளையவன் டேவிட்சன் ராத்திரி வேலை முடிந்து லிஃப்டில் ஏறியபோது, அவன் ஒருத்தன்தான் உள்ளே, ஆள் அதிகம் என்று மணி அடித்தது. ஆவடியில் மகள் ஹெலன் மாவு அரைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள், முக்காலியின் ஒரு கால் ஒடிந்தது. ஒரு வாரம் இப்படி நடந்து, மூன்று பேரும் போனில் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்து, ஹெலன் கணக்கில் கெட்டிக்காரி என்பதால் அவள்தான் கண்டுபிடித்தாள்: சொர்ணக்கனி அம்மாவைத் தூக்கிய நேரத்திலிருந்து இறக்கி வைக்கிற நேரம் வரைக்கும் அம்மாவுடைய கனம் மூன்று பேர் மேலும் வந்து உட்காருகிறது, ஆளுக்கு இருபத்தொன்பது கிலோ, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

"வீடு எழுதும்போது பொம்பளப் பிள்ளைக்குப் பங்கு இல்லன்னு சொன்னியே அண்ணா, கனத்துல மட்டும் எனக்கு எப்படிப் பங்கு வருது?" என்று ஹெலன் கேட்டாள்.

"நானா பிரிச்சேன்? அது தானா வருது பிள்ள" என்றான் ஞானராஜ்.

"தானா வாரது சரியா வருது பாத்தியா?" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஏன் இப்படி என்று சுகந்தபுரத்தில் யாரும் கேட்கவில்லை. மழை பெய்தால் குடையைத் தேடுவார்களே தவிர மேகத்தை விசாரிக்க மாட்டார்கள், அப்படித்தான் இதையும் எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கல்யாண அறிவிப்பு, சுகவீனர் பெயர் எல்லாம் வாசித்த பிறகு, வருகிற வாரம் அன்னபாக்கியத்தம்மாளைத் தூக்கும் நேரம் காலை ஆறு, பத்தரை, மாலை மூன்று, இரவு ஏழு என்று வாசித்தார்கள், யாராவது அதைப் பிள்ளைகளுக்குப் போனில் அனுப்பிவைத்தார்கள். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் பையன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்பதற்கு முன்னால் தாய் தகப்பன் எத்தனை கிலோ, கூடப் பிறந்தது எத்தனை பேர் என்று கேட்க ஆரம்பித்தார்கள். முன்னெல்லாம் ஒற்றைப் பிள்ளை என்றால் ஓடி வந்து பெண் கொடுப்பார்கள், இப்போது ஒற்றைப் பிள்ளை என்றால், அப்படியா, வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்று காபியைக்கூட மீதி வைத்துவிட்டு எழுந்து போனார்கள். சொர்ணக்கனி தூக்கினால்தான் அப்படி ஆகிறது, வேறு ஆள் தூக்கினால் கனம் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தும், நாளைக்கு நமக்கும் அவளைத்தானே கூப்பிடுவார்கள் என்று எல்லோருக்கும் ஒரு பயம்.

ஒரு நாள் ஞானராஜ் சொர்ணக்கனியைப் போனில் கூப்பிட்டான். "எக்கா, இன்னைக்குப் பத்தரைக்குத் தூக்கிராதீக. மகளுக்குச் சம்பந்தக்காரங்க வாராவ. நான் எந்திரிச்சு நின்னு கும்பிடணும்."

போன் பக்கத்திலேயே இருந்த அன்னபாக்கியத்தம்மாள் சத்தமாகச் சொன்னார்: "எனக்கு ஒண்ணுக்கு வருதுல. ஒன் சம்பந்தக்காரன் வாரான்னு அது நிக்குமா?"

சம்பந்தக்காரர்களை ஞானராஜ் உட்கார்ந்தபடியேதான் கும்பிட்டான். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்களும் இந்தப் பக்கத்துக்காரர்கள்தான், விவரம் தெரிந்தவர்கள், அத்தைக்குச் சுகமா என்று மட்டும் கேட்டார்கள்.

டேவிட்சன் மூன்று வாரம் பேசாமல் இருந்தால் அதற்கும் அன்னபாக்கியத்தம்மாளிடம் வழி இருந்தது. "ஏட்டி கனி, கட்டில்ல வைக்காத. அப்படியே தூக்கிக்கிட்டு சன்னல் பக்கம் வா. முருங்கை பூத்திருக்கா பாப்போம்." சொர்ணக்கனி அவரை இடுப்பில் பிள்ளையை வைப்பது போல வைத்துக்கொண்டு சன்னலில் நிற்பாள். கால் மணி, அரை மணி. அணில் வரும், போகும். துபாயிலிருந்து போன் வரும்.

"எம்மா, நல்லா இருக்கியளா? கொஞ்சம் உக்காருங்கம்மா. நான் ரோட்டைக் கடக்கணும்."

"நான் நல்லா இருக்கேன் ராசா. நீ சாப்பிட்டியா?" என்று நிதானமாகக் கேட்பார்.

இப்படிப் பதினோரு வருஷம் போனது. அப்போதுதான் அந்த ஆணை வந்தது. அரசாங்கத்துச் சான்றிதழ் இல்லாமல் யாரும் முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளக் கூடாது, சான்றிதழ் பெறப் பயிற்சி மூன்று மாசம், பரீட்சை எழுத மூன்று வாய்ப்பு, வருஷக் கடைசிக்குள் தேறாவிட்டால் அந்த வீட்டில் இருக்கிறவரை மாவட்ட இல்லத்துக்கு மாற்றுவார்கள். அந்த ஆணையைத் தெருச் சுவரில் ஒட்டிவிட்டுப் போன பையன்மாரிடம் கிருபாமணி அக்கா கேட்டாராம், அந்த இல்லத்தில் யார் தூக்குவார்கள் என்று. "மிஷின் தூக்கும்மா. பட்டன்தான்" என்றார்களாம்.

இதைக் கேட்டு மூன்று பிள்ளைகளும் போனில் பேசினார்கள். அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்வார்களாம் என்று மூத்தவன் சொன்னான். டாக்டர் பக்கத்திலேயே இருப்பாராம் என்று இளையவன் சொன்னான். ஹெலன் மூக்கை உறிஞ்சினாள்.

அன்னபாக்கியத்தம்மாளுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் சொர்ணக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஏட்டி, மிஷினு தூக்கினா நான் எந்திரிச்சேனா படுத்தேனான்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் தூக்காமலே விட்டுட்டாலும் தெரியாதே. நீ எப்படியாவது பாஸாகிரு."

"ஆயிருதேன் அத்தை" என்றாள் சொர்ணக்கனி. அவளுக்குப் பயம் கிடையாது. பதினோரு வருஷமாகச் செய்கிற வேலைதானே என்று நினைத்தாள்.

மூன்று மாசமும் பஸ் ஏறிப் போனாள், அவள் திரும்புகிற வரைக்கும் கிருபாமணி அக்கா வந்து பக்கத்தில் இருந்தார். கையை எப்படிக் கழுவ வேண்டும், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எப்படிப் புரட்டிப் போட வேண்டும், சாப்பாடு ஊட்டும்போது தலை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள், அவளுக்கு எல்லாம் தெரிந்ததாக இருந்தது, தெரிந்த ஜெபத்தைத் திரும்பச் சொல்கிற மாதிரி சொன்னாள். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். செய்முறையில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ஆளைத் தூக்கிக் கட்டிலிலிருந்து நாற்காலியில் வைப்பது. அதற்கு இருபது மார்க்: முன்கூட்டிச் சொல்வதற்கு ஐந்து, முதுகு வளையாமல் இருப்பதற்கு ஐந்து, முழங்காலை மடக்குவதற்கு ஐந்து, இரண்டாவது ஆளை உதவிக்குக் கூப்பிடுவதற்கு ஐந்து.

தேர்வாளர் தில்லைநாதன் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் அட்டையும் பேனாவுமாக நின்றார். கட்டிலில் மாவட்ட இல்லத்திலிருந்து அழைத்து வந்த ஒரு பெரியவர். சொர்ணக்கனி, "தாத்தா, தூக்கப் போறேன்" என்று சொல்லி, ஒரு கையால் தூக்கி, இன்னொரு கையால் நாற்காலியைத் தட்டித் துடைத்து, உட்காரவைத்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர் அந்த நேரம் தரையோடு உட்கார்ந்தது இவர்களுக்குத் தெரியாது.

"முதுகு ஒரு பக்கமாச் சாஞ்சுது, பூஜ்யம். முழங்கால் மடங்கலை, பூஜ்யம். இரண்டாவது ஆளைக் கூப்பிடலை, பூஜ்யம்" என்றார் தில்லைநாதன்.

"சார், கனமே இல்லையே."

"கனம் இருக்கா இல்லையான்னு பார்க்கிறதுக்கு இங்க மார்க் இல்லம்மா. முழங்காலுக்குத்தான் மார்க்."

அவர் கெட்டவர் இல்லை என்று கிருபாமணி அக்கா சொன்னார். தாளில் என்ன இருக்கிறதோ அதைப் பார்க்கிறவர்.

அடுத்த பரீட்சைக்கு அன்னபாக்கியத்தம்மாளே பயிற்சி கொடுத்தார். கட்டிலில் படுத்துக்கொண்டே அதட்டுவார். "கஷ்டப்படு. மூச்சு வாங்கு. அம்மாடின்னு சொல்லு." ஒரு நாளைக்கு இருபது தரம் தூக்கி இறக்கினதில் ஞானராஜ் அந்த வாரம் முழுக்கக் கடைக்கே போகவில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் எந்த வருஷமும் வசனம் இல்லாத மேய்ப்பனாகவே நின்றவள் சொர்ணக்கனி, நடிப்பு வரவில்லை. இருந்தாலும் போனாள், முழங்காலை மடக்கினாள், முதுகை நிமிர்த்தினாள், அம்மாடி என்றாள், இரண்டாவது ஆளைக் கூப்பிட்டாள். இரண்டாவது ஆளாக வந்தது நல்ல திடகாத்திரமான ஒரு பெண், கூடப் பயிற்சி எடுத்தவள். அவள், கட்டிலில் இருந்த பாட்டிக்கு ஒரு ஐம்பத்தைந்து கிலோ இருக்கும் என்று கணக்குப் போட்டு மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். பாட்டி இரண்டு பேர் கையையும் விட்டு மேலே போனார். மின்விசிறி வரைக்கும் போனார். நல்ல வேளை கரண்ட் இல்லை. விசிறியின் இறக்கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "இங்கேருந்து பாத்தா பஸ் ஸ்டாண்டு தெரியுது" என்று சந்தோஷமாகச் சொன்னார். நோயாளி தேவைக்கு மேல் உயர்த்தப்பட்டார் என்று தில்லைநாதன் எழுதினார். அதற்கு மார்க் கொடுக்கத் தாளில் இடம் இல்லை, பாட்டி நாற்காலிக்கு வந்து சேராததால் மற்ற மார்க்கும் இல்லை.

மிஞ்சினது ஒரு வாய்ப்பு. டிசம்பர் மாசம் பிறந்துவிட்டது. வீடு வீடாகப் பாட்டுப் பாடி வருகிறவர்கள் அந்த வருஷம் அன்னபாக்கியத்தம்மாள் வீட்டில் மட்டும் இரண்டு பாட்டுக் கூடுதலாகப் பாடினார்கள், அடுத்த வருஷம் இந்தக் கதவு பூட்டிக் கிடக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அன்னபாக்கியத்தம்மாள் தன்னுடைய நல்ல சேலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டச் சொல்லி, இது ஹெலனுக்கு, இது கிருபாமணிக்கு என்று பிரித்தார். சொர்ணக்கனி பரீட்சைக்கு முந்தின நாள் உபவாசம் இருந்தாள். ஆண்டவரே, நாளைக்கு ஒரு நாள் மட்டும் எனக்குக் கனம் தாரும் என்று கேட்டாளாம். இப்படி ஒரு ஜெபத்தை நான் என் ஆயுசில் கேட்டதில்லை.

மூன்றாம் தரம் கட்டிலில் இருந்தது பேச்சியம்மாள். ஒரு பிடி ஆள். ரயில் நிலையத்தில் கண்டெடுத்து இல்லத்தில் சேர்த்தவர்கள் பெயரைக் கேட்டு எழுதியிருந்தார்கள், ஊர் என்கிற இடத்திலும் உறவு என்கிற இடத்திலும் கோடு போட்டிருந்தார்கள். விசிறி விவகாரத்துக்குப் பிறகு இரண்டாவது ஆள் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும், கூப்பிட்டால்தான் வர வேண்டும் என்று புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் டீ குடிக்கப் போயிருந்தாள்.

"பாட்டி, தூக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, முழங்காலை மடக்குவது போல நடிக்க வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு, சொர்ணக்கனி அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினாள். பேச்சியம்மாள் கட்டிலை விட்டு ஒரு சாண் வந்தார், அதற்கு மேல் வரவில்லை. சொர்ணக்கனிக்குத் தோள் இறங்கியது. முழங்கால் தானாக மடங்கியது. நிமிர்ந்து நிற்காவிட்டால் முதுகு ஒடிந்துவிடும் என்று முதுகு தானாக நிமிர்ந்தது. நடிக்கிறதெல்லாம் மறந்துபோய், என்ன ஆயிற்று என்று அந்த முகத்தைப் பார்த்தாள்.

"என்ன தாயி முழிக்கே?" என்றார் பேச்சியம்மாள். "புருசன் இல்ல, பிள்ள இல்ல, கூடப் பொறந்ததும் இல்ல. என் கனம் எங்கிட்டதான் இருக்கும். அது எங்க போவும்?"

நாற்பத்திரண்டு கிலோ. தன்னைவிட ஒரு கிலோ கூடுதல். பதினோரு வருஷமாக ஆளைத் தூக்கிய அந்தக் கைக்கு ஒரு ஆள் எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கை வழுக்கியது. கட்டில் பின்னால் போய்விட்டது, நாற்காலி இன்னும் வரவில்லை, பேச்சியம்மாளின் கால் தரையில் இழுபட்டது.

"யாராவது வாங்களேன்!" என்று கத்தினாள். "ஒரு கை பிடிங்களேன், விட்டுருவேன் போலிருக்கே!"

வாசலில் யாரும் இல்லை. தில்லைநாதன் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றார். தேர்வாளர் கோட்டைத் தாண்டக் கூடாது, நோயாளியைத் தொடக் கூடாது என்று தாளில் அவருக்கும் சட்டம் இருந்தது. பத்தொன்பது வருஷமாக எத்தனையோ பரீட்சை நடத்தியவர், ஒன்றிலும் தாளை மீறினதில்லை. அவர் தாளைப் பார்த்தார். பேச்சியம்மாளின் காலைப் பார்த்தார். பிறகு பேனாவை வாயில் கவ்விக்கொண்டு, அட்டையைத் தரையில் போட்டுவிட்டு, கோட்டைத் தாண்டி வந்து தொடைக்கு அடியில் கை கொடுத்தார்.

"பைய, பைய" என்றாள் சொர்ணக்கனி.

"ம்ம்" என்றார் அவர், பேனா வாயில் இருந்ததால்.

இரண்டு பேரும் சேர்ந்து பேச்சியம்மாளை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. தூக்கப்பட்டவருக்கு ஏன் மூச்சு வாங்கியது என்று தெரியவில்லை. என்னைத் தூக்க இரண்டு பேரா என்று பேச்சியம்மாள் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

தில்லைநாதன் அட்டையை எடுத்துத் தூசி தட்டி எழுதினார். முன்கூட்டிச் சொன்னார், ஐந்து. முதுகு நேர், ஐந்து. முழங்கால் மடங்கியது, ஐந்து. இரண்டாவது ஆளைக் கூப்பிட்டார் என்ற இடத்தில் ஐந்து போட்டு, பக்கத்தில் 'வந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோட்டைத் தாண்டியதற்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்களாம். 'கனமாக இருந்தது' என்று ஒரே வரியில் பதில் எழுதி அனுப்பினாராம். அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை.

அன்று இரவு ஏழு மணிக்குச் சொர்ணக்கனி அன்னபாக்கியத்தம்மாளைத் தூக்கினாள். கோயம்புத்தூரில் ஒருவன் சுவரைப் பிடித்தான், துபாயில் ஒருவன் படியில் உட்கார்ந்தான், ஆவடியில் ஹெலன் மட்டும், சாயங்காலமே போனில் சேதி கேட்டிருந்தவள், கையில் இருந்த தோசைக் கரண்டியோடு நின்றபடியே நின்று, "பாஸாயிட்டாவ" என்று தன் வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

ஆனால் சொர்ணக்கனிக்குக் கைவலி போகவில்லை. எண்ணெய் தேய்த்தாள், ஒத்தடம் கொடுத்தாள், மூன்று நாள் ஆகியும் இரண்டு தோளும் வலித்தன. நாலாம் நாள் அன்னபாக்கியத்தம்மாள், "போய்க் கூட்டிட்டு வாட்டி. டேவிட்சன் ரூமு சும்மாதான கெடக்கு" என்றார். யாரை என்று அவர் சொல்லவும் இல்லை, இவள் கேட்கவும் இல்லை. சான்றிதழ் உள்ளவள் என்பதால் இல்லத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

பேச்சியம்மாள் இன்னும் டேவிட்சன் ரூமில்தான் இருக்கிறார். அவர் கனம் இப்போதும் அவரிடம்தான் இருக்கிறது, ஒரு கிலோகூட எங்கேயும் போகவில்லை, தூக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும், காலையில் கிருபாமணி அக்கா போகிறார், மற்ற நேரத்துக்குத் தெருவில் யார் கையில் வேலை இல்லையோ அவர் போகிறார். புரட்டிப் போடும்போது அடியில் நாலாக மடித்து விரிக்க, துவைத்துத் துவைத்து நைந்த பருத்திச் சேலைதான் அவருக்கு ஆகும், புதுத் துணி உறுத்துகிறது என்கிறார். உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால், எடுத்து வைத்து, கிருபாமணி அக்கா இந்தப் பக்கம் வரும்போது அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.